பெரியப்பாவின் இரட்டை ஓஸ் ரெகுலேட்டர்: இந்தப் பழைய ரப்பரை எப்படிக் கழுவுவது?

சத்துவாச்சாரி சுதா:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் கம்மவான்பேட்டையில் பெரியம்மா வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றி ஒரு சாமான் கிடைத்தது. ஊறுகாய் டப்பா மாதிரி வட்டமாக ஒரு குரோம் டப்பா, அதன் இரண்டு பக்கமும் கொம்பு போல இரண்டு குழல், அவற்றிலிருந்து யானைத் தும்பிக்கை போல மடிப்பு மடிப்பாக இரண்டு கறுப்பு ரப்பர் ஓஸ் வந்து நடுவில் ஒரு மவுத்பீஸில் சேர்கின்றன. டப்பாவின் மேல் மிஸ்ட்ரால் என்றும் ஸ்பைரோடெக்னிக் என்றும் எழுதியிருக்கிறது. ரெகுலேட்டர் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது, "கேஸ் அடுப்புக்கா, ஃபேனுக்கா?" இரண்டுக்கும் இல்லை, டைவர்கள் தண்ணீருக்கடியில் சிலிண்டர் காற்றை மூச்சிழுக்க மாட்டிக்கொள்வது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், அதுவும் பெரும்பாலும் தரைப்படை. பெரியப்பா மட்டும் நேவி. கொச்சியில் டைவராக இருந்தார். இந்தச் சாமானை எங்கே, யாரிடம் வாங்கினார் என்று இப்போது சொல்ல ஆள் இல்லை. சிலிண்டர் கிடைக்கவில்லை.

பிரச்சனை ஓஸ்தான். மேலே வெள்ளையாக மாவு பூத்த மாதிரி இருக்கிறது. டப்பாவோடு சேரும் இடத்தில் பிசுபிசு என்று விரலில் ஒட்டுகிறது. நடுவில் கெட்டியாக இருக்கிறது. உள்ளே மோந்து பார்த்தால் மழைக்காலத்து ஸ்கூல் பை வாசனை. இதை எதில் கழுவ வேண்டும், கழுவிய பின் என்ன தடவ வேண்டும், அப்புறம் பேராசைதான், இதைப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு தடவையாவது கடலுக்குள் இறங்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சர்கடை 24 மணி:

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். டயர் பாலிஷ் ஒரு கோட் அடித்தால் புதுசு மாதிரி பளபளக்கும். பிசுபிசுப்புக்கு ஒரு துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் போதும். டெஸ்ட் பண்ண பாண்டி வரைக்கும் போவானேன், எங்கள் மாமா நிலத்தில் அறுபது அடிக் கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, காற்றுக்கு என் கம்ப்ரஸர் இருக்கிறது. கோட்டை அகழி வேண்டுமானாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் தொல்லியல் துறைக்காரர்கள் விடமாட்டார்கள்.

குடியாத்தத்து மீன்:

பஞ்சர்கடை தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட அந்த அக்கா செய்துவிடக் கூடாது. உங்கள் கம்ப்ரஸர் டயருக்கு, மூச்சுக்கு இல்லை. அதில் வரும் காற்றோடு எண்ணெய்ப் புகையும் வரும், பக்கத்தில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடும் வரும். தரையில் தலைவலியோடு போகிற அளவுகூடத் தண்ணீருக்கு அடியில் அழுத்தம் ஏற ஏற ஆளைச் சாய்த்துவிடும். கிணறு இன்னொரு வம்பு. கெட்ட காற்று தேங்கிய கிணற்றில் தூர் வார இறங்கி ஏறாமல் போனவர்களின் கதை நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் உண்டு.

நான் குடியாத்தம்தான், பிழைப்பு பாண்டிச்சேரியில், டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். சுதா அக்கா, உங்கள் கையில் இருப்பது நல்ல சாமான். 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞ்யான் என்ற இன்ஜினியரும் சேர்ந்து அக்வாலங் என்ற, தண்ணீருக்கடியில் மூச்சு விடும் கருவியைச் செய்தார்கள். போர்க்காலத்தில் அங்கே பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்டினார்கள், அந்தக் கார்களுக்குச் செய்த வால்வைத்தான் மூச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார் காஞ்யான். முதலில் இறங்கிப் பார்த்தது கடலில்கூட இல்லை, பாரிஸ் பக்கத்தில் மார்ன் என்ற ஆற்றில். ஸ்பைரோடெக்னிக் கம்பெனியின் மிஸ்ட்ரால் மாடல் அந்த வம்சத்தில் 1955-ல் வந்தது. உங்கள் அம்மா கேட்ட கேள்வி தப்பே இல்லை, இதன் தாத்தாவும் ஒரு வகையில் கேஸ் ரெகுலேட்டர்தான்.

ஓஸ் விஷயத்தில் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இப்போது நாங்கள் மாட்டும் ஒற்றை ஓஸுக்குள் எப்போதும் ஒன்பது, பத்து பார் (காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தம் இருக்கும், அது கெட்டால் சீறும், காதில் கேட்கும். உங்களுடையதில் சிலிண்டர் அழுத்தத்தை எல்லாம் அந்த வட்ட டப்பாவே வாங்கிக் குறைத்துவிடுகிறது. ஓஸுக்குள் வருவது சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே இருக்கும் காற்று. ஆகவே விரிசல் விட்டால் வெடிக்காது, சத்தமும் வராது. நீங்கள் மூச்சை இழுக்கும்போது காற்றோடு தண்ணீரும் உள்ளே வரும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போதும் ஆளை முடிக்க.

போட்டுக்கொண்டால் வலது தோள் மேல் வருவது காற்று வரும் ஓஸ். இடது பக்கம் நாம் விடும் மூச்சு திரும்பிப் போவது. இடது ஓஸில்தான் எச்சிலும் ஈரமும் அதிகம், நீங்கள் சொன்ன ஸ்கூல் பை வாசனை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மவுத்பீஸைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய வட்டத் தட்டு போல வால்வு இருந்தால் பின்னாளில் வந்தது. இல்லாவிட்டால் பழையது, அதில் எச்சில், கடல் தண்ணீர் எல்லாம் இரண்டு ஓஸிலும் போயிருக்கும்.

ஆம்பூர் சோல்:

பெட்ரோல் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க சோலை வளைத்து வளைத்து எப்போது வெடிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்தக் காலத்து ஓஸ் என்றால் அநேகமாக இயற்கை ரப்பர்தான். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவுமே ஆகாது. குடித்துவிட்டு ஊதிப் போகும், அப்புறம் பலம் இருக்காது. ஒரு துண்டு ரப்பர் பேண்டை ராத்திரி முழுக்கப் பெட்ரோலில் போட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சகோதரி, மேலே இருக்கும் வெள்ளை மாவு பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ரப்பரில் கலந்த மெழுகும் கந்தகமும் வருஷக்கணக்கில் மெல்ல வெளியே வந்து பூக்கும், அது சாதாரணம். ஈர விரலால் தடவினால் ஒரே சீராக, வழவழப்பாக வந்தால் பூத்தது. திட்டுத் திட்டாக, மயிர் மயிராக, வாசனையோடு இருந்தால் பூஞ்சை. பூத்தது ரப்பருக்குப் பாதுகாப்புதான், அதை அழுத்தித் தேய்த்து எடுத்துவிட்டுக் கறுப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்.

பிசுபிசுப்பு டப்பா பக்கம் மட்டும் இருக்கிறது என்றீர்களே, எனக்கு அது ஒரு துப்பு. செம்பு, மாங்கனீசு இரண்டும் இயற்கை ரப்பருக்கு விஷம். பித்தளையில் செம்புதானே அதிகம்? கொம்பின் மேல் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த இடத்தில் பித்தளையும் ரப்பரும் பல வருஷம் ஒட்டிக் கிடந்தால் ரப்பர் வெல்லப்பாகு மாதிரி இளகிவிடும். இளகியது திரும்பிக் கெட்டியாகாது. எந்த மருந்தும் இல்லை.

விரிசலுக்குக் காரணம் வேறு, ஓசோன். மோட்டார், தீப்பொறி வரும் எந்தச் சாமானுக்கும் பக்கத்தில் அது கொஞ்சம் உண்டாகும். ரப்பர் சும்மா கிடந்தால் ஓசோன் அவ்வளவு பண்ணாது, இழுபட்டோ வளைந்தோ கிடந்தால்தான் இழுபட்ட இடத்துக்குக் குறுக்கே கீறல் கீறலாக வெட்டும். ஆணியில் மாட்டியிருந்தார்களா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். ஆணி பட்ட வளைவை முதலில் பாருங்கள்.

ரிடையர்டு தியேட்டர்காரன்:

சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். வேலூரில் ஆஸ்பத்திரி வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடல் எனக்குத் தெரியாது, மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் சுதா அம்மா இங்கே போட்ட படத்தைப் பார்த்ததும், அட நம்ம குழாய், என்றுதான் தோன்றியது. மயக்க மருந்து மெஷினில் நோயாளிக்குப் போகும் நெளிக்குழாய் அந்தக் காலத்தில் இதே மாதிரிதான், கறுப்பு ரப்பர், மடிப்பு மடிப்பாக. ஈதர் போன்ற தீப்பிடிக்கும் மருந்துகள் இருந்ததால் நிலைமின்சாரம் தேங்காமல் இருக்கக் கார்பன் கலந்து செய்வார்கள், அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் குறி இருக்கும். அதைத் தினம் கழுவியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கழற்றுவதுதான் பாதி வேலை. கிளாம்ப் ஸ்குரூவைத் தளர்த்துங்கள், வரவில்லை என்றால் கிளாம்பை வெட்டினாலும் பரவாயில்லை, ஓஸை மட்டும் பிளையர் போட்டு முறுக்காதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ரப்பர் உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே செருகிச் சுற்றி வாருங்கள், ஒரு சுற்று வந்தால் தானாக வழுக்கும். டப்பாவைத் தண்ணீரில் போடாதீர்கள், அது தனி வேலை.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கிற சூடு. பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு. ஓஸை உள்ளே முழுக்க நிரம்பும்படி முக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், அவசரப்படாதீர்கள். பிறகு நீளமான பாட்டில் பிரஷ், மென்மையானது. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். பிரஷ் மடிப்பின் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும், அழுக்கு இருப்பது பள்ளத்தில். ஓஸை இரண்டு கையாலும் லேசாக இழுத்து, ஆர்மோனியப் பெட்டி மாதிரி விரித்துக்கொண்டு பிரஷைச் சுற்ற வேண்டும். கிழிகிற அளவு இழுக்காதீர்கள். வாசனை போகவில்லை என்றால் சமையல் வினிகர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம், பிறகு நிறைய தண்ணீரில் அலசல். வினிகர் போட்ட வாளியில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரைத் தவறியும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆஸ்பத்திரியில் நாங்கள் போட்ட கிருமிநாசினி திரவமெல்லாம் வீட்டுக்கு வேண்டாம், சரியாக அலசாமல் விட்டால் அதை மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

சத்துவாச்சாரி போர் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும். கடைசி அலசலுக்குக் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்தால் அதுவே மடிப்புக்குள் உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

காயவைப்பது நிழலில். மொட்டை மாடியில் வடகத்தோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், நம்ம ஊர் கத்திரி வெயில் ரப்பரைக் கொன்றுவிடும். முதலில் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கவண் சுற்றுகிற மாதிரி நாலு சுற்று, சுவரெல்லாம் நனையும், தண்ணீர் வெளியே வந்துவிடும். அப்புறம் நேராகத் தொங்கவிட வேண்டும், கொடியில் வளைத்துப் போடக் கூடாது. எங்களுக்கு அதற்கென்று ஸ்டாண்டு இருந்தது. வீட்டில் மீன் தொட்டி இருந்தால் அதன் காற்று பம்ப் டியூபை ஓஸுக்குள் விட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், காலையில் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். ஹேர் டிரையர் வேண்டாம்.

பஞ்சர்கடை 24 மணி:

சரி சரி, பெட்ரோலும் கிணறும் வாபஸ். டயர் பாலிஷ் பாவம் என்ன பண்ணியது? அது சிலிகான்தானே?

குடியாத்தத்து மீன்:

எல்லாம் சிலிகான் மட்டும் இல்லை தம்பி. டப்பாவில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே கரைப்பான், வாசனை, பளபளப்பு எல்லாம் கலந்திருக்கும். டயர் மூச்சு விடாது. இந்த ஓஸின் வழியாக வருவது நேராக நெஞ்சுக்குள் போகிறது. உள்பக்கம் எதுவுமே தடவக் கூடாது. வெளியே தடவியே ஆக வேண்டும் என்றால் சுத்தமான சிலிகான், உணவுப் பொருளோடு பட்டாலும் பரவாயில்லை என்ற தரம், துணியில் ஒரு சொட்டு தொட்டு. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். நல்ல ரப்பருக்கு அது தேவையில்லை, கெட்ட ரப்பரை அது நல்லதாக்கவும் செய்யாது, கீறலை மட்டும் மறைக்கும்.

சுதா அக்கா, காய்ந்த பிறகு ஒரு சோதனை பண்ணுங்கள். ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு, வாளித் தண்ணீருக்குள் ஓஸை முக்கி, மறுமுனையில் வாயால் மெல்ல ஊதுங்கள், பலூன் ஊதும் வேகம் வேண்டாம். ஊதிக்கொண்டே யாரையாவது ஒவ்வொரு மடிப்பாக வளைக்கச் சொல்லுங்கள். வளைக்கும்போதுதான் கீறல் வாய் திறக்கும். நேராக வைத்திருந்தால் நல்லது மாதிரியே நடிக்கும்.

சத்துவாச்சாரி சுதா:

எல்லோருக்கும் நன்றி, நேற்று முழுக்க இதுதான் வேலை. தியேட்டர் சார் சொன்ன ஐஸ்கிரீம் குச்சி நன்றாக வேலை செய்தது, இரண்டு குச்சி உடைந்தது, ஓஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊறவைத்த தண்ணீர் முதல் தடவை டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. இரண்டாவது தடவை டீ. நாலாவதில்தான் தெளிந்தது. வலது ஓஸிலிருந்து மணல் வந்தது, விரலில் வைத்துப் பார்த்தேன், அரைச் சிட்டிகை இருக்கும், நடுவில் ஒரு பொடிச் சிப்பித் துண்டு. எந்தக் கடலோ. அதை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆம்பூர் அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஒரு பக்கக் கொம்பில் குரோம் உரிந்து பித்தளை தெரிகிறது, பச்சை பூத்திருக்கிறது, அந்தப் பக்கத்து ரப்பர்தான் இளகியிருந்தது. ஆணியும் சரி. பரணுக்குப் போகும் முன் பல வருஷம் மோட்டார் ரூம் ஆணியில்தான் தொங்கியதாம்! மோட்டார், ஆணி, வளைவு மூன்றும் ஒரே இடத்தில்.

வாளிச் சோதனையை அப்பாவும் நானும் செய்தோம். நான் ஊத, அவர் வளைத்தார். இடது ஓஸில் ஒன்றும் இல்லை. வலது ஓஸில் முனையிலிருந்து பதினோராவது மடிப்பை வளைத்ததும் ஊசி முனை அளவில் குமிழி வரிசை கட்டி வந்தது, நிமிர்த்தினால் நின்றுவிடுகிறது. வெளியே கண்ணுக்குத் தெரியவே இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

இப்போது கேள்வி. நல்ல ஓஸை வலது பக்கம் மாட்டி, ஓட்டை ஓஸை மூச்சு விடும் பக்கம் மாட்டினால்? வெளியே போகும் காற்றுதானே?

குடியாத்தத்து மீன்:

கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் கூடாது. ஓட்டை வழியாக உள்ளே வந்த தண்ணீர் இடது ஓஸில் தேங்கி, நீங்கள் தலையைச் சாய்க்கும்போது மவுத்பீஸுக்கு வரும். வால்வு இல்லாத பழைய மவுத்பீஸ் என்றால் நேராக வாய்க்கே வரும். இன்னொன்று, ஒரு ஓஸ் போய்விட்டது என்றால் அதோடு பிறந்து அதே ஆணியில் தொங்கிய மற்றதும் இன்றில்லாவிட்டால் நாளைக்குப் போகும். ஜோடியாக மாற்றுவதுதான் வழக்கம். இந்தப் பழைய ரெகுலேட்டர்களுக்கென்றே புது ஓஸ் வெளிநாட்டில் இன்றும் செய்து விற்கிறார்கள், வரவழைக்கலாம். ஆனால் அதற்கு முன் டப்பாவைத் திறந்து டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, மூச்சு விடும் பக்கத்தில் வாத்து அலகு போல இருக்கும் ரப்பர் வால்வு, காற்று வால்வு உட்காரும் சீட் எல்லாவற்றையும் இந்த மாடல் தெரிந்த ஒருவர் மாற்ற வேண்டும், அவையும் இதே வயசுதான். அதெல்லாம் முடிந்த பிறகு பாண்டிச்சேரிக்கு வாருங்கள், முதலில் நீச்சல் குளம், என் கண்முன்னே.

பழைய ஓஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டப்பாவோடு மாட்டி வைக்காமல் தனியாக, வளைக்காமல், காற்றுப் போகாத பையில் போட்டு, பீரோவுக்குள் இருட்டில் வையுங்கள். யாராவது பார்க்க வந்தால் மட்டும் மாட்டிக் காட்டுங்கள்.

ஆம்பூர் சோல்:

ஒரு சந்தேகம் சகோதரி. பித்தளை பக்கம் இளகியது புரிகிறது. ஆனால் நீங்கள் இப்போது போட்ட படத்தில் இடது ஓஸின் நடு மடிப்புகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உப்பலாகத் தெரிகின்றன. அது ஓசோனும் இல்லை, செம்பும் இல்லை. எண்ணெய் பட்ட ரப்பர் அப்படி இருக்கும். யாராவது ஏதாவது தடவினார்களா?

சத்துவாச்சாரி சுதா:

பெரியம்மாவிடம் கேட்டேன். வருஷா வருஷம் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது எடுத்துத் துடைத்து, கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைப்பார்களாம். பெரியப்பா போன பிறகும் ஒரு வருஷம்கூட விடவில்லை. "ரப்பர் காய்ந்துவிடக் கூடாது இல்லையா" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தடவக் கூடாது என்று இப்போது எப்படிச் சொல்வது?

ரிடையர்டு தியேட்டர்காரன்:

சொல்ல வேண்டாம்மா. கழற்றிய கிளாம்ப் இரண்டும் பித்தளையா என்று பாருங்கள். பித்தளை என்றால் அதை அவர்கள் கையில் கொடுத்து, இதை மட்டும் பளிச்சென்று ஆக்கித் தாருங்கள் பெரியம்மா என்று கேளுங்கள். ஓஸை உங்கள் வீட்டு பீரோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி சுதா:

பித்தளைதான். புளி ஊறவைத்துவிட்டார்கள்.